முன்மண்டபத்தில் மாட்டிய கம்பிக் கதவு

நான் கோபத்தில் பேசினாலும் கடைசிவரை கேட்டு முடிக்கிற ஒரே மனிதராய் இருந்த என் சவரிமுத்துக் கொத்தனாருக்கு,

நலம் விசாரிக்க இந்தக் கடிதம் எழுதவில்லை. நீர் இருக்கும் இடத்தில் நலத்துக்குக் குறைவிருக்காது. இங்கே எனக்குத்தான் இரத்தம் கொதிக்கிறது. அதை இறக்கி வைக்க வேறு ஆள் இல்லை. கிள்ளானில், மேரு என்கிற ஊருக்குப் போகும் சடக்கோரம் நீர் கட்டிய கோவிலில் இரும்புக் கம்பிக் கதவு ஒன்று மாட்டினார்கள். வெளிவாசலில் மாட்டியிருந்தால் திருடனுக்கு என்று விட்டிருப்பேன். முன்மண்டபத்துக்கும் உள்கூடத்துக்கும் இடையே, நடுவாசலில் மாட்டினார்கள். பெஞ்சு வாங்கிப் போட்ட குடும்பங்கள் கம்பிக்கு உள்ளே. ரப்பர்த் தோட்டத்திலிருந்து நடந்து வருகிற பால்மரம் வெட்டும் சனங்கள் கம்பிக்கு வெளியே. உம்முடைய மகள் லூர்தம்மாளும் வெளியே.

அவளை நீர் பெற்றீர். நான் ஞானஸ்நானத் தொட்டியருகே கையில் ஏந்தி ஞானத்தகப்பன் ஆனேன். உமக்குப் பின் அவளுக்காகக் கேட்க நான் இருக்கிறேன் என்றுதான் கண்ணை மூடினீர். கேட்டேன். கேட்டதற்குக் கிடைத்ததைச் சொல்லத்தான் இது.

இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். கோவில் கமிட்டிக்கு நான் எழுதிய மனுக்களை செக்ரட்டரி படிக்காமலேயே மடித்து வைத்துவிட்டார். பத்திரிகை ஆசிரியரோ, "உயிரோட இருக்கிறவங்களைத் திட்டி எழுதினா வழக்கு வரும், பெரியவரே. செத்தவருக்கு எழுதுற மாதிரி எழுதுங்க, போடுறேன்" என்றார். நல்லதாய்ப் போயிற்று, எனக்கும் உம்மோடுதான் பேச வேண்டியிருந்தது. வாசிக்கிறவர்களுக்காக உமக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்ளும்.

நான் ரயில்வே ஸ்டோரில் ஆணியையும் விளக்குத் திரியையும் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தவன். பள்ளிக்கூடம் என்னைச் சின்ன வயதிலேயே கைவிட்டது. இங்கிலீஷ் எனக்கு வந்தது, பெட்டிகளின்மேல் ஒட்டியிருந்த காகிதங்களிலிருந்து. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் சாமான்களைக் கோலாலம்பூரில் ஏலம் போட்டபோது, ஒரு கட்டுப் புத்தகத்தை யாருமே கேட்கவில்லை. நான் கேட்டேன். அதில் ஒன்று முழுக்கப் பழைய கோவில்களின் படம். ரோமாபுரி ராச்சியம் விழுந்த பிறகு, ஊசிக் கோபுரங்கள் வருவதற்கு முன்னால், நடுவில் கிடக்கிற நூற்றாண்டுகளின் கோவில்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படித்து முடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் போதவில்லை.

அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளைக்கு உம்மைத் தேடி வந்தேன். நீர் சாம்பல் கையைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தீர்.

"என்ன ஸ்டோர்காரரே, இது கோவிலா, சரக்குக் கிட்டங்கியா?"

"கோவில்தான்."

"கோபுரம் எங்க?"

"அந்தக் காலத்துல கிடையாது."

"அப்ப நம்ம கையிருப்புக்கு ஏத்த கோவில்தான். இப்படியே கட்டிடுவோம்."

நீர் விளையாட்டாய்ச் சொன்னீர். நான் விடவில்லை. வெளியே பூச்சு இல்லாத வெறும் செங்கல். உள்ளே இரண்டு வரிசைத் தூண். நடுக்கூடம் உயரம், இருபுறமும் தாழ்வான பக்கக்கூடங்கள். நடுக்கூடத்துச் சுவர் பக்கக்கூரைகளுக்கு மேலே எழும்பி, அங்கே வரிசையாய்ச் சின்ன சன்னல்கள். வெளிச்சம் மேலிருந்து விழும். கிழக்குக் கோடியில் சுவர் நேராய் முடியாமல் அரைவட்டமாய் வளையும். அதற்குமேல் பாதிக் குடத்தைக் கவிழ்த்தாற்போல் கூரை, அதன் கீழே பீடம்.

கட்டத் தெரியாமல் அவர்கள் அப்படிக் கட்டவில்லை. ரோமாக்காரரின் பழைய சாமிகளுக்கு இருந்த கோவில்கள் எவ்வளவு பெரிதாயிருந்தாலும் உள்ளே இருட்டறைதான். சாமி உள்ளே, சனங்கள் வெளியே. கிறிஸ்தவர்களுக்கோ சனங்கள் உள்ளே வந்து ஒன்றாய்க் கூட வேண்டும். ஆகையால் அந்தக் கோவில்களின் மாதிரியை விட்டுவிட்டு, ஊரார் வழக்குப் பேசவும் வியாபாரம் பேசவும் கூடுகிற பெரிய கூடத்தின் மாதிரியை எடுத்துக்கொண்டார்கள். கோவில் கிட்டங்கி மாதிரி இருக்கிறது என்று நீர் சொன்னது குறையே அல்ல. அது எல்லோரும் நுழைகிற இடத்தின் சாயல். இந்த ஒரு விஷயத்தை எத்தனை திருநாளில் எழுந்து நின்று சொல்லியிருப்பேன். யார் காதில் ஏறியது?

தூண் விஷயம் நினைவிருக்கிறதா? அவர்கள் விழுந்துபோன மாளிகைகளின் தூண்களை இழுத்து வந்து நிறுத்தினார்கள், ஒன்று உயரம், ஒன்று குட்டை, குட்டையானதின் காலுக்கடியில் கல் வைத்து உயர்த்தினார்கள் என்று நான் சொன்னதும் உமக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஆத்தங்கரையில பழைய கிட்டங்கி ஒண்ணை இடிக்கிறான். மரத்தூண் கிடக்கு. ஒண்ணுகூட இன்னொண்ணு உசரம் இல்ல. உம்ம ஆளுங்க செஞ்சா சாஸ்திரம், நான் செஞ்சா கஞ்சத்தனமா?" என்றீர். ஒவ்வொரு தூணுக்கும் அதன் குறைக்கு ஏற்றபடி செங்கல் பீடம் கட்டினீர். இப்போது அந்தத் தூண்களுக்கெல்லாம் பலகைச் சட்டை போட்டு வெள்ளைச் சாயம் அடித்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே உயரமாய்த் தெரிய வேண்டுமாம். தூண்கள் மட்டும் சமமாய் இருந்தால் போதும் கமிட்டிக்கு.

இனி முன்மண்டபம். படத்தில் அது ஒடுங்கலாய், கோவிலின் முகத்தில் குறுக்கே போட்ட ஒரு நடைபோல இருந்தது. இது எதற்கு என்று கேட்டீர். ஞானஸ்நானம் வாங்கக் காத்திருப்பவர்களுக்கு, பெரிய பாவம் செய்து தபசு செய்பவர்களுக்கு என்று சொன்னேன்.

"எவ்வளவு நாள் வெளியே நிப்பாங்க?"

"பாஸ்கா, உயிர்த்த திருநாள் வரைக்கும். அப்புறம் ஞானஸ்நானம் வாங்கிக்கிட்டு உள்ளே வந்துடுவாங்க."

"நம்ம ஆளுங்க எல்லாம் வாங்கினவங்களாச்சே."

"புத்தகத்துல இருக்கே."

"படத்துல மழை பெய்யலியே, ஸ்டோர்காரரே. இங்க பெய்யுதே. மண்டபம் இருக்கட்டும். மழைக்கு இருக்கட்டும்."

அப்படித்தான் அந்த மண்டபம் படத்தில் இருப்பதைவிட ஆழமாய் வந்தது. இருட்டோடு தோட்டத்திலிருந்து கிளம்பி நனைந்து வருகிற பெண்கள் சேலைத் தலைப்பைப் பிழிய ஓர் இடம், பிள்ளையின் தலையைத் துவட்ட ஓரமாய்ச் செங்கல் திண்டு, சேற்றுக் காலைக் கழுவத் தண்ணீர்த் தொட்டி. பழைய கோவில்களின் முற்றத்திலும் கைகால் கழுவ நீரூற்று இருந்தது என்று நான் சொல்ல, "பாத்தீரா, உம்ம புத்தகத்துக்கு நான் துரோகம் பண்ணல" என்று சிரித்தீர். துவட்டிக்கொண்டு எல்லோரும் உள்ளேதான் போனார்கள். மண்டபத்தில் யாரும் பூசை கண்டதில்லை.

உள்ளே பாய். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முதலில் வந்தவன் முன்னால், பிந்தி வந்தவன் பின்னால். தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணியின் மூக்குக்கு நேரே, அவர் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற ஆள் உட்கார்ந்திருப்பான், பால்மர வாடையோடு. அந்தக் கிராணிதான் இன்னாசி. இப்போது வேலையிலிருந்து ஓய்ந்து கோவில் கமிட்டிக்கு செக்ரட்டரியாகியிருக்கிறார். அத்தனை வருஷம் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜெபித்தார் என்பது, நீர் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

உம்மை மண்ணில் வைத்து, அடுத்த மழைக்காலம் வருவதற்கு முன் பெஞ்சுகள் வந்தன. பெஞ்சு போட்டதும் பாய் போயிற்று. பாய் போனதும், வாங்கிப் போட்டவர்களின் பேர் பெஞ்சில் ஏறியது. மிச்சப் பேர் பக்கக்கூடங்களில் நின்றார்கள். நிற்கிறவர்களின் பிள்ளைகள் அழுகின்றன என்று புகார். பிறகு பீடத்து மெழுகுவர்த்தித் தண்டு ஒன்று காணாமற்போனது. அதைச் சாக்காக வைத்துக் கோலாலம்பூர்ப் பட்டறையில் சொல்லிக் கம்பிக் கதவு செய்து வந்து மாட்டினார்கள். கதவு ஆட்களைத் தடுக்க இல்லை, திருடனைத் தடுக்கத்தான் என்றார்கள். பூசை நேரத்தில் எந்தத் திருடன் வருவான்? பூசை நேரத்தில்தான் பூட்டினார்கள்.

கமிட்டிக் கூட்டத்துக்கு அழைப்பில்லாமல் போனேன். என் நாற்காலியை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"மண்டபம் பூசை காணுற இடம் இல்ல. கதவைக் கழட்டுங்க" என்றேன்.

இன்னாசி கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஆளும் இல்லை. "பெரியவரே, அந்த மண்டபம் யாருக்குன்னு நீங்கதானே திருநாளன்னைக்கு எழுந்து நின்னு சொன்னீங்க? உள்ளே வர இன்னும் பக்குவப்படாதவங்க நிக்கிற இடம்னு. நாங்க புதுசா என்ன செஞ்சோம்? உங்க புத்தகத்துப்படிதானே நடக்கிறோம்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஞானஸ்நானம் வாங்காதவங்கன்னு சொன்னேன். இவங்க வாங்கினவங்க."

"வாங்கினா ஆச்சா? பழக்கவழக்கம் வர நாளாகும் லா."

"எவ்வளவு நாள்?"

"அது அவங்கவங்க நடத்தையைப் பொறுத்தது."

"உமக்கு எப்ப வந்துச்சு கிராணியாரே? துரை வந்து சொன்னாரா?"

இன்னாசிக்குப் பக்கத்தில் இருந்த கண்டிராக்டர்தான் முந்திக்கொண்டு, "உங்க பழைய கோவில்லயும் உள்ளே தடுப்பு இருந்துச்சாமே, பெரியவரே? படத்தை நீங்களே காட்டினீங்க" என்று எடுத்துக் கொடுத்தார்.

இருந்தது. இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பீடத்தைச் சுற்றி இடுப்பளவுக்குச் சலவைக்கல் தடுப்பு இருந்தது. அது பீடத்துக்கும் சனங்களுக்கும் இடையில். சனத்துக்கும் சனத்துக்கும் இடையில் அல்ல. பிற்பாடு வடதேசங்களில் பிரபுக்கள் கோவிலின் மேற்குக் கோடியில் மாடி கட்டி, கீழே நிற்கிறவர்களின் தலைக்குமேல் உட்கார்ந்து பூசை கண்டார்கள். அதுவும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் படத்தையும் உமக்குக் காட்டினேன். "இது வேணாம். ஏணி வாங்க நம்மகிட்ட காசில்ல" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டீர். பழையது எல்லாம் நல்லது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. பழையவர்களிலும் இன்னாசிகள் இருந்தார்கள். எடுக்க வேண்டியதை எடுத்து, விட வேண்டியதை விட்டுத்தான் நாம் கட்டினோம். நாம் விட்டதை இவர்கள் பொறுக்கியெடுத்து வந்து என் முகத்தில் காட்டுகிறார்கள்.

நான் பாதியைச் சொல்லி அவர்களுக்கு வழி காட்டிக் கொடுத்துவிட்டேன் என்று சிலர் பேசுவதும் காதில் விழுந்தது. நான் முழுவதும் சொன்னேன். அவர்கள் பாதியைக் கேட்டார்கள். அதற்கு நான் தலைகுனிய மாட்டேன். அந்த மண்டபத்தில் நின்றவர்களுக்கு ஒரு பாஸ்கா இருந்தது, கொத்தனாரே. கதவு திறக்கிற நாளை அறிந்து நின்றார்கள். அங்கே எவனும் கிழவனாகவில்லை. இவர்கள் கதவுக்குத் திறக்கிற நாள் எங்கே எழுதியிருக்கிறது?

இப்படி இருக்கையில் உமக்குப் பேரன் பிறந்தான்.

லூர்தம்மாளின் புருஷன் சூசையை உமக்குத் தெரியும். பால் வெட்டுகிறவன், வாய் குறைவு, வேலை அதிகம். அவனுடைய சாதியைச் சொல்லி நம்மவர்களே கல்யாணத்துக்கு வராமலிருந்தபோது, பந்தலில் இடம் தாராளமாக இருக்கிறது என்று நீர் காலை நீட்டி உட்கார்ந்தீர். அந்தக் கல்யாணத்துக்குத்தான் இப்போது வட்டி வசூலாகிறது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கேட்டுப் போன சூசையிடம் செக்ரட்டரி சொன்ன பதில் இது: "மண்டபத்துலயே ஒரு தட்டுல வச்சு ஊத்திடுவாங்க. தண்ணி எல்லாம் ஒரே தண்ணிதான். ஞானஸ்நானத்துக்குக் கதவைத் திறந்தா, நாளைக்குப் பூசைக்கும் திறக்கச் சொல்லுவீங்க."

நடுவாசலைத் தாண்டியதும் இடதுகைப் பக்கம் எட்டுப் பட்டையாய் நீர் கட்டிய ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது. ஏன் எட்டு என்று கேட்டீர். படைப்புக்கு ஏழு நாள், கர்த்தர் உயிர்த்தது எட்டாம் நாள், ஆகையால் பழைய காலத்தில் ஞானஸ்நான மண்டபத்தையே எட்டுப் பட்டையாய்த் தனியே கட்டினார்கள் என்றேன். தனி மண்டபத்துக்கு வசதியில்லை என்று தொட்டியை மட்டும் அப்படிக் கட்டினீர். மூலைகள் சரியாக வரவில்லை என்று ஒருமுறை இடித்துத் திரும்பக் கட்டினீர். அதில் உம் பேரனுக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

தோட்டத்துக் கூலிவீடுகள் வரிசையாய் நிற்கிற லயத்துக்குப் போய் லூர்தம்மாளைப் பார்த்தேன். தூளியை ஆட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"பெரியப்பா, எனக்காகச் சண்டை போட்டு ஒரு பெஞ்சு வாங்கித் தந்துடாதீங்க. எனக்கு அது வேணாம். அப்பா கட்டின தொட்டியில எம் புள்ளைக்கு ஊத்த முடியாதுன்னா, நான் எங்கயும் ஊத்தல. அப்படியே கிடக்கட்டும்."

"ஞானஸ்நானம் இல்லாமலா?"

"தட்டுல ஊத்துறதுக்கு அவன் என்ன, சமையலுக்கு வந்த கீரையா?"

உம்முடைய பேச்சு. எனக்குப் பெருமையாய்த்தான் இருந்தது. ஆனால் அந்த வாரமே தோட்டத்தில் காய்ச்சல் பரவியது. அடுத்த லயத்தில் ஒரு கைக்குழந்தை போயிற்று. உம் பேரனுக்கும் உடம்பு சுட்டது. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எந்தத் தாய் தூங்குவாள்? சூசை என்னிடம் வந்து நின்று, "தட்டுலயே ஊத்திக்கிறோம்னு சொல்லிட்டா, மாமா" என்றான். அவள் பிடிவாதத்தை நியாயத்தால் உடைக்கவில்லை, பயத்தால் உடைத்தார்கள். காய்ச்சல் கமிட்டிக்காக வேலை செய்தது.

சாமியாரைப் போய்ப் பார்த்தேன். வெள்ளைக்காரச் சாமியார், பல கோவில்களைச் சுற்றி வருகிறவர், நல்லவர், களைத்தவர். "அருளப்பன், சமாதானம் வேண்டும். தட்டில் ஊற்றினாலும் ஞானஸ்நானம் செல்லும்" என்றார். செல்லும். அதை நான் மறுக்கவில்லை. செல்லுமா செல்லாதா என்று கேட்கவா நான் அவ்வளவு தூரம் ரயிலேறிப் போனேன்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. மண்டபத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் தட்டு, அதற்கு வெள்ளைத் துண்டு போட்டு மூடியிருந்தார்கள். மரியாதை குறையக் கூடாதாம். கம்பிக்கு அந்தப் பக்கம் பெஞ்சுக்காரர்கள் கழுத்தைத் திருப்பி வேடிக்கை பார்த்தார்கள். இந்தப் பக்கம் தோட்டத்துச் சனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. பிள்ளைக்கும் நானே ஞானத்தகப்பன். கையில் ஏந்தி நின்றேன். சாமியார் பக்கவாசல் வழியாக வெளியே வந்து, கோவிலைச் சுற்றிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார்.

ஞானஸ்நானச் சடங்கு எங்கே தொடங்கும் என்று உமக்குத் தெரியும். எங்கும் வாசலில்தான் தொடங்கும். திருச்சபையிடம் என்ன கேட்கிறாய் என்று சாமியார் கேட்டார். பிள்ளைக்காக நான், விசுவாசம் என்றேன். நெற்றியில் சிலுவை வரைந்தார். நாக்கில் உப்பு வைத்தார். உம் பேரன் முகத்தைச் சுளித்தான். பிறகு தம் தோளிலிருந்து தொங்கும் பட்டையின் நுனியைப் பிள்ளையின்மேல் போட்டு, லத்தீனில் அடுத்த வரியைப் படித்தார். சர்வேசுரனுடைய ஆலயத்துக்குள் பிரவேசி என்று அர்த்தம். படித்துக்கொண்டே காலையும் எடுத்து வைத்தார். வருஷக்கணக்காய் அந்த வரியோடு நடந்து பழகிய கால். இரண்டாவது எட்டில் கம்பியில் முட்டிக்கொண்டார்.

யாரும் சிரிக்கவில்லை. சாமியார் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"சாவி?" என்றார்.

"செக்ரட்டரிகிட்ட இருக்கு, சாமி" என்றான் பீடத்து வேலை பார்க்கும் கோயில்பிள்ளை.

முன்பெஞ்சில் இருந்த இன்னாசி எழுந்திருக்கவில்லை. "தட்டு அங்கதான் வச்சிருக்கு, சாமி" என்றார், ஏதோ மறந்துபோனதை ஞாபகப்படுத்துவதுபோல.

சாமியார் தட்டைப் பார்த்தார். கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். அந்த மனிதருடைய முகத்தை நான் அவ்வளவு கிட்டத்தில் அதற்குமுன் பார்த்ததில்லை. சமாதானம் வேண்டும் என்று என்னிடம் சொன்னவர், அந்த வரியைத் தாண்டிப்போக முடியாமல் நின்றார். தட்டின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். வைக்கவில்லை. கம்பிக்கு நேரே நின்று, அதே வரியை மறுபடியும், சத்தமாய்ப் படித்தார்.

சூசை என் காதருகே குனிந்தான். "மாமா, சாமி என்ன சொல்றாரு?"

"புள்ளையை உள்ளே வரச் சொல்றாரு."

"அப்புறம் என்ன?" என்றான்.

புதுப் பெஞ்சு வந்தால் உள்ளே ஏற்ற வேண்டியிருக்கும் என்பதால், கதவைக் கீலிலிருந்து தூக்கிக் கழற்றி மாட்டும்படிதான் பட்டறைக்காரன் செய்திருந்தான். பூட்டு நடுவில் இருந்தால் என்ன, கீல் மண்டபத்துப் பக்கம் இருந்தது. சூசையும் இன்னும் சிலரும் கைகொடுத்தார்கள். பிள்ளையை லூர்தம்மாளிடம் கொடுத்துவிட்டு நானும் கைவைத்தேன். இதை எழுத்தில் வைக்கிறேன், யாரும் பிற்பாடு மாற்றிச் சொல்லக் கூடாது. இரட்டைக் கதவு பூட்டோடு ஒன்றாய்ப் பெயர்ந்து வந்தது. தூக்கிக்கொண்டு போய் வெளியே ரம்புத்தான் மரத்தில் சாய்த்துவிட்டு வந்தோம். சாமியார் நன்றியும் சொல்லவில்லை, கண்டிக்கவும் இல்லை. பட்டையின் நுனியைப் பிள்ளையின்மேல் மறுபடி போட்டு, விட்ட எட்டிலிருந்து நடந்தார்.

தொட்டிக்குள் என்ன இருந்தது தெரியுமா? தோரணக் காகிதமும் விளக்குமாறும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோலாலம்பூர்ப் பெரிய கோவிலில் ஊற்றிக்கொள்கிறார்களே, இது எதற்கு? லூர்தம்மாள் ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டே மறுகையால் அதையெல்லாம் எடுத்து வெளியே போட்டாள். பெண்கள் தண்ணீர் கொண்டுவந்து கழுவினார்கள். அதுவரை சாமியார் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பேர் என்ன என்றார். சொன்னேன். நீர் அறிந்த பேர்தான்.

பிறகு பூசை. தோட்டத்துச் சனம் மண்டபத்துக்குத் திரும்பவில்லை. பக்கக்கூடங்களில் நின்றார்கள், பெஞ்சுகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தார்கள். இன்னாசியின் காலருகே ஒரு கிழவி உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினாள். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

இதோடு முடிந்தது என்று எழுதத்தான் ஆசை. கமிட்டி கூடி என்மேல் தீர்மானம் போட்டிருக்கிறது. கோவில் சொத்தைப் பெயர்த்த குற்றத்துக்கு, வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் அதோடு விடுவார்கள். கேட்காவிட்டால் சூசையைப் பற்றித் தோட்டத்துத் துரைக்குக் காகிதம் போகும். கலகக்காரன் என்று ஒரு வார்த்தை போதும், லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். யாரை அடித்தால் எனக்கு வலிக்கும் என்று கிராணிக்கு நன்றாய்த் தெரியும். சாமியாரோ, எல்லாவற்றையும் எனக்கு மேலே இருக்கிற மேற்றிராணியாருக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரும்வரை பொறுங்கள் என்கிறார். பதில் எப்போது வரும்? வருவதற்குள் அவர்கள் கதவைத் திரும்ப மாட்டமாட்டார்களா?

சூசையைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். என் வணங்காக் கழுத்துக்காக உன் சோற்றில் மண் விழ வேண்டாம், நீ சொல், அதன்படி செய்கிறேன் என்றேன். வாழ்நாளில் நான் யாரிடமும் இப்படி அனுமதி கேட்டதில்லை, உம்மிடம்கூட. அவன் பிள்ளையின் தூளியை ஒருமுறை ஆட்டிவிட்டான்.

"ரவாங் பக்கம் தோட்டம் இல்லியா, மாமா? அங்க மரத்துல பால் வராதா?" என்றான். "நீங்க மன்னிப்புக் கேட்டீங்கன்னா, அப்புறம் நான் என் மவனுக்கு என்ன சொல்றது? அந்தக் கதவை நான் சும்மாத்தானே தூக்கினேன்னு ஆயிடும்."

லூர்தம்மாள் அடுப்படியிலிருந்து, "பெரியப்பா கேட்டாலும் கேக்கலைன்னாலும் அவங்க காகிதம் போடத்தான் போறாங்க. கேக்காமலே போடட்டும்" என்றாள்.

ஆகையால் நான் தீர்மானித்துவிட்டேன். துரைக்கு நானே முந்திக்கொண்டு ஒரு காகிதம் எழுதிப் போட்டுவிட்டேன், கதவைப் பெயர்க்கச் சொன்னவன் நான், கைவைத்தவன் நான், சூசையை அழைத்தவனும் நான் என்று. நம்புவாரோ மாட்டாரோ. இங்கிலீஷில் பிழை இருக்கும், விஷயத்தில் பிழை இல்லை. சூசையும் லூர்தம்மாளும் மூட்டை கட்ட நேர்ந்தால், என் வீட்டில் ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முந்திப் போவேன். வீட்டிலிருந்து நாற்காலியை எடுத்துக்கொண்டு போவேன். நடுவாசலில், கதவு நிற்க வேண்டிய அதே கோட்டில் போட்டு உட்காருவேன். மன்னிப்புக் கேட்கும்படி என் பேரைக் கூப்பிட்டால், உட்கார்ந்த இடத்திலிருந்தே இல்லை என்பேன். கதவை மாட்டுவதானால் கிழவனை நாற்காலியோடு தூக்கி அப்புறப்படுத்த வேண்டும். பூசைக்கு வருகிற ஒவ்வொருவரும் என் முழங்காலை உரசிக்கொண்டு உள்ளே போகட்டும், எனக்கு வலிக்காது. மேற்றிராணியாரின் பதில் எதுவாயிருந்தாலும் அதை அங்கே உட்கார்ந்துதான் கேட்பேன். அடுத்த ஞாயிறும் வருவேன். அதற்கடுத்ததும். எனக்கு நடக்க முடியாமற்போனால் நாற்காலியில் தான் உட்காருவதாக லூர்தம்மாள் சொல்லிவிட்டாள், மடியில் பிள்ளையோடு.

இது உமக்கு நான் கொடுக்கும் வாக்கு. கொடுத்த வாக்கை நான் காப்பாற்றியதில் உமக்குக் குறை இருந்ததில்லை. காப்பாற்றுகிற விதத்தில்தான் சண்டை போடுவீர். இப்போது போடும், பார்க்கலாம்.

உம் மகளுக்கும், அவள் மகன் சவரிமுத்துவுக்கும் ஞானத்தகப்பன்,
அருளப்பன்
கிள்ளான்